டாக்டர் படிப்புக்குப் பௌதிகம் அவசியமா?

பிள்ளையை டாக்டராக்கிப் பார்க்க வேண்டுமென்ற ஆவல் நம் தானா ராத்தா வியாபாரிகளிடமும் உண்டு. அத்துடன் ஒரு கேள்வியும் எழுகிறது: “உடம்பைப் பற்றிய படிப்புக்குப் பௌதிகம், அதாவது இயற்பியல், எதற்கு? கடினமான அந்தப் பாடத்தை விட்டுவிட்டால் என்ன?”

முதலில் விதியைக் காண்போம். மலேசிய மருத்துவ மன்றத்தின் தகுதி விதிப்படி, எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், இரசாயனம், கணிதம் ஆகியவற்றுடன் பௌதிகத்திலும் குறைந்தது ‘பி’ தரம் வேண்டும். எஸ்.டி.பி.எம். தேர்விலோ உயிரியல், இரசாயனத்துடன் பௌதிகம் அல்லது கணிதம் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் படிக்க விரும்பினால், ‘நீட்’ தேர்வின் 720 மதிப்பெண்களில் 180 பௌதிகத்திற்கு உரியவை.

விதி ஒருபுறமிருக்க, பயனையும் பார்ப்போம். சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள நம் ஊரில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே தேநீர்க் கடையில் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அறுவைக் கருவிகளிலுள்ள கிருமிகளை முற்றும் ஒழிக்க அந்தச் சூடு போதாது. எனவே மருத்துவமனைகளில் மூடிய கலத்தினுள் நீராவியை அழுத்தி, 121 பாகைக்குச் சூடேற்றுகிறார்கள். பிரஷர் குக்கரின் தத்துவமும் இதுவே. இரத்த அழுத்தத்தை அளப்பதும், 1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரேயும் பௌதிகமே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒளியை ஆராய்ந்த இப்னுல் ஹைதம், கண்ணின் அமைப்பையும் சேர்த்தே ஆராய்ந்தார்.

ஆகவே, நான்காம் படிவத்தில் பாடங்களைத் தெரிவு செய்யும் வேளையில் பெற்றோர் பிள்ளையுடன் உட்கார்ந்து பேச வேண்டும். அன்று பௌதிகத்தைக் கைவிட்டால், பின்னர் மருத்துவக் கல்லூரியின் வாசல் திறப்பது அரிது. மாலையில் கடை வேலையைச் சற்றுக் குறைத்து, அந்த நேரத்தைப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுப்போம். அதுவும் நாம் போடும் நல்ல முதலே.