கச்சேரியைப் படம் எடுப்பது எப்படி?

எங்க தாத்தா தவில் வாசிப்பவர். ஆனால் அவர் வாசிக்கும்போது எடுத்த நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. போன வருஷம் திருவிழாவில் நான் எடுத்ததில் முகம் இருக்கிறது, கை இருக்கும் இடத்தில் வெறும் புகை. கேமராவில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஸ்டூடியோ வைத்திருக்கும் மாமா, "கோளாறு உன்கிட்டதான்" என்றார்.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க மூன்று வழி உண்டு. லென்ஸின் துவாரம் (அப்பர்ச்சர்), ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. என்கிற உணர்திறன். துவாரத்தின் எண் குறைந்தால் துவாரம் பெரிசு. இது எனக்கே முதலில் குழப்பமாகத்தான் இருந்தது!

என் பழைய படம் துவாரம் 5.6, ஷட்டர் 1/15 வினாடி, ஐ.எஸ்.ஓ. 400. 1/15 வினாடிக்குள் தாத்தாவின் குச்சி எங்கேயோ போய்விடும். ஷட்டரை 1/250 ஆக்கினால் கை அசையாமல் நிற்கும், ஆனால் வெளிச்சம் சுமார் 16 மடங்கு குறையும். அதை எங்கிருந்து பிடிப்பது? துவாரத்தை 2.8 ஆக்கினால் 4 மடங்கு, ஐ.எஸ்.ஓ.வை 1600 ஆக்கினால் இன்னொரு 4 மடங்கு. நாலு நாலு பதினாறு, கணக்கு சரியாப் போச்சு. படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும், பரவாயில்லை. துவாரம் பெரிசானால் பின்னால் இருப்பவர்கள் மங்கலாகத் தெரிவார்கள், அதனால் முகத்தில் ஃபோகஸ் சரியாக இருக்கணும்.

ஃபிளாஷ் போடலாமே என்பீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் அதன் வெளிச்சம் கால் பங்குதான். முன் வரிசைத் தலைகள் வெள்ளையாகும், மேடை இருட்டாகவே கிடக்கும். வாசிப்பவர் கண்ணும் கூசும்.

இன்னொன்று. மேடைக்குப் பின்னால் கறுப்பாக இருந்தால் கேமரா ஏமாந்துபோய் வெளிச்சத்தைக் கூட்டும், முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அப்போது முகத்தை மட்டும் அளக்கும் 'ஸ்பாட்' முறையை வைக்கணும். டியூப் லைட் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைவதால் 1/250-இல் ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல் என்று வரலாம். அப்படி வந்தால் 1/100 வையுங்கள். குச்சி மேலே போய்த் திரும்பும் நொடியில் கை ஒரு கணம் நிற்கும், அப்போது அழுத்தினால் 1/100 போதும். தாளம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம்.

இந்த வருஷம் 43 படம் எடுத்தேன், 2 தேறின. தாத்தாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வலது கை மோதிர விரல்ல கூடு நழுவியிருக்கே, யாரும் சொல்லலியே" என்றார்.

- 9-ஆம் வகுப்பு மாணவி