படக்கதையும் பத்து நிமிடமும்

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிற தோட்டத்து வீட்டில் கதைக்கு நேரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். பத்து நிமிடம் போதும். ஆனால் தினமும் வேண்டும்.

● புத்தகத்தைத் திறந்ததும் படிக்காதீர்கள். படங்களை மட்டும் புரட்டி, என்ன நடக்கிறதென்று பிள்ளையையே சொல்லவிடுங்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம்.

● தொடங்க நல்ல கதை, பஞ்சதந்திரத்துக் குரங்கும் முதலையும். குரங்கு இருப்பது நாவல் மரத்தில். நாவலுக்கு வடமொழியில் ஜம்பு. ஜம்பு என்றதும் நம் பிள்ளைக்கு லயத்துக் கொல்லையில் காய்க்கும் மலாய் ஜம்பு நினைவுக்கு வரும். பழம் வேறு, பெயர் ஒன்று. பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம். மலாய்க்காரர்களின் சாங் கஞ்சில் கதையும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்: முதலைகளை வரிசையாக நிற்கவைத்து, எண்ணுவதுபோல் மிதித்து ஆற்றைக் கடந்த சருகுமான். இதயத்தைக் கேட்ட முதலையிடம் ‘இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டேன்’ என்று சொல்லித் தப்பிய குரங்கு கெட்டியா, சருகுமான் கெட்டியா? கேட்டுப் பாருங்கள், தூக்கம் பறந்துவிடும்.

● தாத்தா பாட்டி இருந்தால் விக்கிரமாதித்தன் கதையை அவர்களிடமே விடுங்கள். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா சிறுவர் இதழைப் படித்தவர்களுக்கு, ஓவியர் சங்கர் வரைந்த வாளேந்திய அரசனும் தோளில் தொங்கும் வேதாளமும் மறக்காது.

● பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். கைப்பேசியில் காட்டுவதைவிட அச்சடித்துத் தைத்துக் கொடுங்கள். பிள்ளை அதில் வண்ணம் தீட்டும், ஓரம் கிழிக்கும், தலையணைக்கடியில் வைத்துத் தூங்கும்.