சீனியர் பொறியாளர் நேர்காணல்: சுற்றுக்குச் சுற்று

மென்பொருள் துறையில் சீனியர் பொறியாளர் பணிக்கான நேர்காணல் பெரும்பாலும் நான்கைந்து சுற்றுகளாக நடக்கிறது. முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு, பிறகு கோடிங், சிஸ்டம் டிசைன், மேலாளருடன் உரையாடல், கடைசியில் எச்.ஆர். சென்னை நூம்பலில் குடியிருப்பவருக்கு மணப்பாக்கம் டி.எல்.எஃப். வளாகமும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எட்டும் தூரம்தான். ஆனாலும் முதல் சுற்றுகள் வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் முடிந்துவிடுகின்றன. மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளைத் தவிர்த்து நேரம் கேட்பதும், ரவுட்டரை இன்வெர்ட்டரில் இணைத்து வைப்பதும் தயாரிப்பில் சேர்ந்தவையே.

கோடிங் சுற்றுக்குப் பத்தாண்டு அனுபவமுள்ளவரும் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். மரம், கிராஃப் போன்ற கணக்குகள் அன்றாட வேலையில் அரிதாகவே வருவதால் கைப்பழக்கம் விட்டுப்போயிருக்கும். இதில் தேறாமல் மேலே போக முடியாது. ஆனால் சீனியர் பதவி இதனால் தீர்மானமாவதில்லை.

தீர்மானிப்பது சிஸ்டம் டிசைன். ரயில் முன்பதிவை வடிவமைக்கச் சொன்னால், உடனே கட்டங்களையும் அம்புக்குறிகளையும் வரையத் தொடங்குபவர் சறுக்கிவிடுகிறார். முதலில் கேள்வி கேட்க வேண்டும். தட்கல் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. அந்தச் சில நிமிட நெரிசலைத் தாங்க வேண்டுமா? ஒரே இருக்கை இருவருக்குப் போகாமல் தடுப்பது எப்படி? பணம் பிடித்தபின் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? தேடல் பக்கத்தில் காலியிட எண்ணிக்கை சில விநாடி பழையதாக இருந்தால் பெரிய பாதகமில்லை, அங்கே கேஷ் போதும். இருக்கை ஒதுக்கீட்டில் பிழையே கூடாது, அங்கே டேட்டாபேஸ் பூட்டு வேண்டும். இருக்கையைச் சில நிமிடம் பிடித்து வைத்து, பணம் வந்தால் உறுதி செய்யலாம்; வராவிட்டால் விடுவிக்கலாம். ஒவ்வொரு முன்பதிவுக்கும் தனி அடையாள எண் இருந்தால், பயணி பொத்தானை இருமுறை அழுத்தினாலும் பணம் ஒருமுறைதான் போகும். எதைப் பெற எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் எடைபோடுவது அதைத்தான்.

மேலாளர் சுற்றில் திணறுகிறவர்கள், சேவை நிறுவனங்களில் நீண்டகாலம் இருந்து எல்லாவற்றையும் குழுவின் வேலையாகவே சொல்லிப் பழகியவர்கள். அங்கே கேட்கப்படுவது தனி ஒருவரின் முடிவு: நள்ளிரவில் சர்வர் விழுந்தபோது முதலில் எதைப் பார்த்தார், எந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றார், மறுபடி நேராமலிருக்க என்ன செய்தார். இப்படி நான்கைந்து சம்பவங்களை எண்களோடு எழுதிவைப்பது பெரிதும் உதவும். சரளமான ஆங்கிலம் இல்லையே என்ற தயக்கம் தேவையற்ற சுமை. சம்பவத்தைத் தமிழில் கோர்வையாகச் சொல்லிப் பார்த்தவருக்கு ஆங்கிலத்திலும் அது தடுமாறாமல் வருகிறது.

எச்.ஆர். சொல்லும் சி.டி.சி. தொகையில் நிறுவனம் செலுத்தும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வேரியபிள் பே ஆகியவையும் அடங்கியிருக்கலாம். மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று தனியே கேட்க வேண்டும். அலுவலகம் எங்கே, வாரத்தில் எத்தனை நாள் என்பதும் சம்பளத்துக்கு இணையான கேள்வி. நூம்பலிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய்வருவது சாதாரணக் காரியமல்ல. பல நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 90 நாள். புதிய நிறுவனம் அதுவரை காத்திருக்குமா என்பதை முன்கூட்டியே பேசி, ஆஃபர் லெட்டர் எழுத்தில் கைக்கு வந்தபிறகே ராஜினாமா கொடுக்க வேண்டும்.