ஆவணியில் சேர்த்தால் தையில் குட்டி

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஐந்து நாள் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்தப் பட்டியில் போய்க் கேட்டாலும், "மடி இறங்கிடுச்சு சார், இந்த வாரத்துல போட்டுடும்" என்றுதான் பதில் வரும். கிடா சேர்ந்த தேதி யாருக்கும் தெரியாது. மடி இறங்கின பிறகு தீவனத்தைக் கூட்டுவது, கதிர் முற்றின பிறகு உரம் போடுவது மாதிரி.

ஏன் என்றால், வயிற்றுக் குட்டியின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி 50 நாளில்தான் ஏறுகிறது. மடி வளர்ந்து சீம்பால் ஊறுவதும் அப்போதுதான். அதே சமயம் குட்டிகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் இரைப்பை சுருங்குகிறது. ஆடு ஒரே வேளையில் நிறையத் தின்ன முடியாது. தேவை கூடுகிறது, கொள்ளளவு குறைகிறது. அதனால் 100-வது நாள் எது என்று நமக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

தேதியை எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆட்டுக்கு ஒரு பக்கம். கிடா சேர்ந்த தேதி, 21-வது நாள், 100-வது நாள், 150-வது நாள் என்று நாலு வரி. 18 முதல் 21 நாளுக்குள் ஆடு மறுபடி பருவத்துக்கு வந்தால் சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம். புதுத் தேதி எழுத வேண்டும்.

இந்தக் கணக்கைப் பருவமழையோடு சேர்த்துப் பாருங்கள். ஆனி முதல் தேதி, அதாவது ஜூன் 15 வாக்கில் கிடா சேர்ந்தால் நவம்பர் 12-ல் குட்டி. வடகிழக்குப் பருவமழையின் நடுவில், நனைந்த தரையில், பிறந்த குட்டி விழும். ஈரத்தில் கிடக்கும் குட்டிக்கு உடம்புச் சூடு குறையும். பால் குடிக்கத் தெம்பு இருக்காது. சளி பிடித்து நாலைந்து நாளில் போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆவணி முதல் வாரத்தில், ஆகஸ்டு 20 வாக்கில் சேர்த்தால் ஜனவரி 17-ல் குட்டி. பொங்கல் முடிந்திருக்கும், மழை விட்டிருக்கும், தரை காய்ந்திருக்கும். ஆவணியில் சேர்த்தால் தையில் குட்டி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்குக் கிடா நம் கையில் இருக்க வேண்டும். நம்ம பக்கம் தெருவில், காலி மனையில் எல்லார் ஆடும் ஒன்றாக மேய்கிறது. வைகாசி கடைசியிலிருந்து ஆடி முடியும்வரை பொட்டை ஆடுகளைத் தனியாக மேய்ப்பதோ, கிடாவைக் கட்டிப் போடுவதோ செய்யாமல் ஈத்துக் காலத்தை மாற்ற முடியாது.

இதில் ஒரு சிக்கல்

ஆவணியில் சேர்ந்த ஆட்டுக்கு 100-வது நாள் நவம்பர் 28. குட்டி மழைக்குத் தப்பிவிடும். ஆனால் தாய்க்கு அதிகத் தீனி தேவைப்படும் காலம் மழையில் ஆரம்பிக்கிறது. ஆட்டை வெளியே விட முடியாது, விட்டாலும் தழை நனைந்திருக்கும். ஆகவே தையில் குட்டி வேண்டும் என்றால் புரட்டாசிக்குள் தீவனம் சேர்த்திருக்க வேண்டும்.

தினம் அரைக் கிலோ கடலைக்கொடி என்றால் 50 நாளுக்கு ஆட்டுக்கு 25 கிலோ. உளுத்தங்கொடியும் ஆகும். மழை படாத பரணில் ஏற்றி வையுங்கள். பூசணம் பிடித்த கொடியைச் சினையாட்டுக்குக் காட்டவே கூடாது. கூடவே வேலியில் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல், பூவரசு இருந்தால் மழை விட்ட நேரத்தில் வெட்டி, வாடவிட்டுக் கட்டித் தொங்கவிடலாம். சூபாபுல் மட்டும் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

அடர் தீவனம் நாமே கலக்கலாம். நூறு கிலோவுக்குக் கம்பு அல்லது மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. முதல் வாரம் 100 கிராமில் ஆரம்பித்து 250 கிராம் வரை, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். 250 கிராமாகவே கணக்குப் போட்டாலும் 50 நாளுக்கு 12.5 கிலோ. கிலோ 36 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஆட்டுக்கு 450 ரூபாய். ஒரு குட்டி பிழைத்தால் இதைப்போல் பல மடங்கு திரும்பி வரும்.

செய்யக்கூடாதவை

கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு வேண்டவே வேண்டாம். சும்மா கிடைக்கிறதே என்று அம்பத்தூர் பக்கம் பலர் வாளி வாளியாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். சோறு இரைப்பையில் புளித்து அமிலமாகிச் சினையாட்டைச் சாய்த்துவிடும். குப்பை மேட்டு மேய்ச்சலும் அப்படித்தான். பிளாஸ்டிக் பை அடைத்த வயிற்றில் தீனிக்கு ஏது இடம்?

கடைசி மாதத்தில் ஆடு தீனியை வெறுத்து, தனியே ஒதுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் சினைக்கால நச்சுநோயாக இருக்கலாம். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கு இது அதிகம் வரும். சரியாக விழுங்குகிற ஆடாக இருந்தால் வெல்லக் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962.

இயற்கை வழியில் வளர்க்கிறோம் என்பதற்காகத் தடுப்பூசியை விட வேண்டாம். ஈனுவதற்கு மூன்று நாலு வாரம் முன்பு துள்ளுமாரி, டெட்டனஸ் ஊசி போட்டால் அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியே குட்டிக்குப் போகும். குடற்புழு மருந்தைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஆல்பெண்டசோல் முதல் மாதச் சினையில் கருவைக் கெடுக்கும். பச்சிலை மருந்தும் சினையாட்டுக்குச் சாதாரணம் இல்லை.

ஈனும் நாள்

பத்து நாள் முன்பே நாலடிக்கு ஐந்தடி இடம் ஒதுக்கி, சுண்ணாம்பு தெளித்துக் காயவிட்டு, வைக்கோல் பரப்புங்கள். பரண் கொட்டிலில் குட்டியின் கால் பலகை இடுக்கில் மாட்டும், தரையே நல்லது. தெருநாய் நுழையாத கதவு முக்கியம்.

வால் அடிப்பக்கம் குழி விழும், மடி இறுகும், ஆடு படுத்துப் படுத்து எழும். முன்னங்கால் இரண்டும் அதன்மேல் மூக்கும் தெரிந்தால் சரியான நிலை. நாம் கை வைக்க வேண்டியதில்லை. பலமாக முக்கியும் அரை மணி நேரத்தில் ஒன்றும் நகரவில்லை என்றால் இழுக்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குட்டி விழுந்ததும் மூக்கு வாய்ச் சளியைத் துடைத்து, தாயை நக்க விடுங்கள். குளிப்பாட்ட வேண்டாம். தொப்புள் கொடியில் டிஞ்சர் அயோடின் வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி. "நஞ்சு விழுந்தப்புறம் பால் விடலாம்" என்று காத்திருப்பது வீண். குட்டி ஊட்ட ஊட்டத்தான் கருப்பை சுருங்கி நஞ்சுக்கொடியும் சீக்கிரம் விழும். 12 மணி நேரமாகியும் விழாவிட்டால் இழுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுந்ததைக் கையுறை போட்டு எடுத்துச் சுண்ணாம்போடு ஆழமாகப் புதையுங்கள். கருச்சிதைவு நோய்க் கிருமி மனிதருக்கும் தொற்றும்; கர்ப்பிணிகள் இந்த வேலைக்கு வரக்கூடாது.

புதிதாக ஆடு வாங்க நினைப்பவர்கள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆடு வளர்ப்புப் பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது. பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கம் இல்லை. காட்டாங்குளத்தூர் பக்கம் இருப்பது. ஏற்கெனவே ஆடு வைத்திருப்பவர்கள் ஆவணிக்கு முன்னால் செய்ய வேண்டியவை மூன்று: நோட்டு வாங்குவது, கிடாவைப் பிரிப்பது, கடலைக்கொடிக்குச் சொல்லி வைப்பது.