எஞ்சின் அளவுக்கு மேல் சூடாதல்: பழுதறிதலும் திருத்தலும்

பாடம்: வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும்

எஞ்சினில் எரிபொருள் தகனமடையும்போது பிறக்கும் வெப்பத்தின் ஒரு பகுதியே வேலையாக மாறுகிறது. மிகுதியில் பெரும்பகுதி புகையுடனும் குளிரூட்டியினூடாகவும் வெளியேற வேண்டும். வெளியேறாவிடின் முசலம் உருளையில் இறுகும், உருளைத் தலை வளையும், கேஸ்கட் எரியும். ஆகவே குளிரூட்டற் தொகுதியின் சிறு பழுதும் எஞ்சினையே இழக்கச் செய்யலாம்.

1. நீரின் பாதை

நீர்ப்பம்பி → எஞ்சின் நீருறை → வெப்பநிலைநிறுத்தி → மேற்குழாய் → ரேடியேற்றர் → கீழ்க்குழாய் → நீர்ப்பம்பி

எஞ்சின் குளிராக உள்ளபோது வெப்பநிலைநிறுத்தி மூடியிருக்கும். பல கார்களில் அது ஏறத்தாழ 82 பாகை செல்சியசில் திறக்கத் தொடங்கும். ரேடியேற்றர் மூடி தொகுதியின் அமுக்கத்தை உயர்த்துவதால் நீர் 100 பாகையில் கொதிக்காது.

2. அறிகுறியிலிருந்து பழுதுக்கு

(அ) நெரிசலில் சூடாகிறது, வேகமாக ஓடும்போது தணிகிறது: விசிறி இயங்கவில்லை. உருகி, றிலே, மோட்டார், வெப்ப ஆளி ஆகியவற்றைச் சோதிக்க.

(ஆ) கடுகண்ணாவை போன்ற நீண்ட ஏற்றத்தில் சூடாகிறது: எஞ்சின் கூடிய வெப்பத்தைப் பிறப்பிக்க, ரேடியேற்றரால் அதை அகற்ற முடியவில்லை. வெளிச்செட்டைகளைக் கழுவுக, உட்குழாய்களின் அடைப்பை நீக்குக.

(இ) முள் உயர்ந்தும் கீழ்க்குழாய் குளிராகவே உள்ளது: வெப்பநிலைநிறுத்தி மூடியபடி இறுகியிருக்கலாம். கழற்றி, வெப்பமானியுடன் நீரிலிட்டுச் சூடாக்குக. அதில் பொறித்த வெப்பநிலையை அடைந்தும் திறக்காவிடின் புதிது பொருத்துக. அது இன்றியே ஓட்டுவது சரியன்று. எஞ்சின் உரிய வெப்பநிலையை அடையத் தாமதமாகி எரிபொருள் வீணாகும்.

(ஈ) நீர் மட்டம் குறைகிறது: குழாய், பம்பி, ரேடியேற்றர், மூடி ஆகியவற்றில் கசிவைத் தேடுக. வெளிக்கசிவு இல்லாமல், வெண்புகை தொடர்ந்து வந்தால் அல்லது எண்ணெய் பால் நிறமானால் தலைக் கேஸ்கட் பழுதாகும்.

(உ) பட்டி தளர்ந்துள்ளது அல்லது அறுந்துள்ளது: பட்டியால் இயங்கும் பம்பி சுழலாது. இழுவையைச் சீர்செய்க அல்லது மாற்றுக.

3. உயிர் காக்கும் விதிகள்

• சூடான ரேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறக்க வேண்டாம். அமுக்கம் விடுபட்டவுடன் 100 பாகைக்கு மேற்பட்ட நீர் கொதித்து முகத்தில் பாயும்.
• முள் சிவப்பு எல்லையை அடைந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைக்க. நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறக்க.
• சூடான எஞ்சினுள் குளிர்நீர் ஊற்றினால் சடுதியான சுருக்கத்தால் உலோகம் வெடிக்கலாம்.
• எஞ்சின் நின்ற பின்னும் மின்விசிறி தானாகச் சுழலலாம். கையை விலக்கி வைக்க.

4. மாதிரி வினா

கார் ஒன்று நெரிசலில் நிற்கும்போது முள் உயர்கிறது, ஓடும்போது இறங்குகிறது. நீர் மட்டம் சரியாக உள்ளது.
(i) பழுதான உறுப்பு யாது?
(ii) காரணம் தருக.

விடை: (i) விசிறி. (ii) ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேற்றரினூடாகச் சென்று வெப்பத்தை அகற்றும். நிற்கும்போது அக்காற்றை விசிறியே இழுக்க வேண்டும்.

கவனிக்க: "விசிறி பழுது" என எழுதி நிறுத்துவோர் இரண்டாம் பகுதிக்கான புள்ளியை இழப்பர். அறிகுறி, காரணம், சோதனை, திருத்தம் என்ற ஒழுங்கில் எழுதிப் பழகுங்கள். பட்டறையிலும் பழுது காணும் ஒழுங்கு இதுவே.