பால்கேனில் வந்த ரத்தம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

விஸ்கான்சின்-மேடிசனில் உயிர்வேதியியல் ஆராய்ச்சிக்கு உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. விசா, டிக்கெட், கம்பளிச் சட்டையெல்லாம் உன் அப்பா பார்த்துக்கொள்வார். நீ போய்ச் சேரும் இடம் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டும்.

அது அரசுப் பல்கலைக்கழகம். விஸ்கான்சின் மாநிலமாக உருவான 1848ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 1903 முதல் 1918 வரை தலைவராக இருந்த சார்லஸ் வான் ஹைஸ், மாநிலத்தின் கடைசிக் குடும்பம் வரை பல்கலைக்கழகத்தின் பயன் போய்ச் சேர வேண்டும் என்று பாடுபட்டவர். அது வெறும் மேடைப்பேச்சாகப் போய்விடவில்லை.

1933 பிப்ரவரியில், பனிப்புயலுக்கு நடுவே, ஒரு விவசாயி சுமார் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு மேடிசனுக்கு வந்தார். வண்டியில் செத்துப்போன கிடாரி ஒன்று, கெட்டுப்போன தீவனப்புல், ஒரு பால்கேன் நிறைய உறையாத ரத்தம். மாடுகள் ரத்தம் கசிந்தே செத்துக்கொண்டிருந்தன. சனிக்கிழமை, கால்நடை அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பல்கலைக்கழகத்தில் திறந்திருந்த கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். அந்தப் புல்லைப் போடாதீர்கள் என்பதைத் தவிர லிங்க்கால் அன்று எதுவும் சொல்ல முடியவில்லை. ஆனால் அவரும் மாணவர்களும் அந்தக் கேள்வியை விடவில்லை. ரத்தத்தை உறையவிடாத பொருளை 1939இல் பிரித்தெடுத்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் வார்ஃபரின். முதலில் எலிமருந்து, 1954 முதல் மனிதருக்கும் மருந்து. வால்வு மாற்றிய பிறகு உன் தாத்தா தினமும் போடுகிறாரே, அதே மாத்திரை.

இதை நீ மறக்கக்கூடாது. உன் உதவித்தொகையில் அங்குள்ள மாட்டுப்பண்ணைக்காரர்கள் கட்டும் வரியும் இருக்கும். முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கச் சொன்னால் ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் என்று சலித்துக்கொள்ளாதே. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் உன் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். தயார் செய்துகொண்டு போ.

அங்கே படிப்பவர்கள் ஏறக்குறைய 50,000 பேர். நீயாகக் கதவைத் தட்டாவிட்டால் உன்னை யாரும் தேடி வரமாட்டார்கள். வேறு துறைகளில் நடக்கும் சொற்பொழிவுகளுக்கும் போ. ஹர் கோவிந்த் கொரானா 1960இல் அங்கு வந்து, மரபுக் குறியீட்டைப் படிக்க வழிகாட்டி, 1968இல் நோபல் பெற்றார்; வேதியியலில் தேர்ந்தவருக்குக் கிடைத்தது மருத்துவத்துக்கான நோபல்!

முக்கியமானது வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது. முதல் சில மாதங்கள் ஆய்வகம் ஆய்வகமாக மாறி வேலை பார்க்கச் சொல்வார்கள். அப்போது பேராசிரியரின் புகழைப் பார்த்து மயங்காதே. அவருடைய மாணவர்களிடம் தனியாகப் பேசு. பாதியில் விட்டுப்போனவர் இருந்தால் அவரிடமும் பேசு. சோதனை தோற்ற அன்று பேராசிரியர் எப்படி நடந்துகொள்கிறார் என்று கேள். ஐந்தாறு வருடம் அந்த மனிதரோடுதான் உன் காலம் கழியும்.

எந்த ஆய்வகம் என்று முடிவானதும் எழுது. என்ன கேள்வியைக் கையில் எடுத்திருக்கிறாய் என்பதைத் தாத்தாவுக்குப் புரிகிற தமிழில் எழுது. நான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
மாமா