நோயுற்ற நாவுக்கு நாம் செய்யக்கூடிய தொண்டு



அன்னதானம் நம் ஆலயங்களின் தலையாய அறம். பசித்து வருபவருக்கு இலை போட்டு, வயிறு நிறைந்ததா என்று கேட்டு அனுப்புகிறோம். ஆனால் பசி இருந்தும், எதிரே சோறு இருந்தும், ஒரு கவளம் விழுங்க முடியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வாய், நாக்கு, தொண்டை ஆகிய இடங்களில் புற்றுநோய் கண்டு, கதிர்ச் சிகிச்சை பெற்றுவருபவர்களே அவர்கள். நமது சமூக நலக் குழுவினருடன் அவர்களின் இல்லங்களுக்குச் சென்று வருபவன் என்ற முறையில், இவ்வாண்டு மலரில் இதைப்பற்றி எழுத விரும்பினேன். நான் மருத்துவன் அல்லன். ஓய்வு பெற்ற ஆசிரியன். மருத்துவரும் தாதியரும் சொல்லக் கேட்டதையும், படித்துத் தெளிந்ததையும் ஒரு பாடமாகவே இங்கே தருகிறேன்.

இந்நோய் நமக்கு அயலானதன்று. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர் பெறும் பங்கைவிட, வாய்ப்புற்று கண்டவர்களில் இந்தியர் பெறும் பங்கு கூடுதலாக இருப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்துள்ளனர். தோட்டப்புறங்களில் வேரூன்றிய வெற்றிலை பாக்குப் பழக்கம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் அறிவித்துள்ளது. தாம்பூலம் மங்கலத் தட்டில் இருக்கட்டும். கன்னத்தில் அடக்கி வைக்கும் பழக்கம் வேண்டாம்.

வாயின் உள்தோல்

கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் போர்த்தியிருக்கும் ஈரமான மென்தோலைச் சளிச்சவ்வு என்பர். சூடு, காரம், பல்லின் உரசல் ஆகியவற்றால் இதன் மேற்பகுதி நாள்தோறும் உதிர்கிறது. அடியில் உள்ள உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து புதிய தோலை மேலே அனுப்புகின்றன. ஏறத்தாழ ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை இந்தப் போர்வை முழுவதும் புதிதாகிவிடுகிறது.

பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டையை மெல்லியதாகச் சீவினால் மரம் மறுபட்டை வளர்க்கும். பட்டைக்கு அடியில் உள்ள உயிருள்ள படலமே அதை வளர்க்கிறது. அந்தப் படலம் காயப்பட்டால் பட்டை வளர்வது தடைப்படும். கதிர்ச் சிகிச்சையில் வாய்க்கு நேர்வதும் ஏறக்குறைய இதுதான்.

விரைவாகப் பிரியும் உயிரணுக்களைக் கதிர்கள் அதிகமாகத் தாக்கும் என்பதைப் பிரெஞ்சு நாட்டின் பெர்கோனியேவும் டிரிபோண்டோவும் 1906-இலேயே எடுத்துரைத்தனர். புற்றணுக்கள் ஓயாமல் பிரிபவை. ஆகவே அவை அழிகின்றன. வாயின் உள்தோலும் விரைந்து பிரிவதால் அதுவும் உடன் துன்புறுகிறது.

நாட்காட்டிபோல் வரும் புண்

தலை, கழுத்துப் பகுதிக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 2 கிரே அளவில், வாரத்துக்கு ஐந்து நாட்கள், ஆறு அல்லது ஏழு வாரங்கள் சிகிச்சை தரப்படும். மொத்தம் 60 முதல் 70 கிரே.

முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வாரத்தின் இறுதியில் வாய் சிவந்து எரியத் தொடங்கும். மூன்றாம் வாரத்தில் ஆங்காங்கே புண் தோன்றும். அதன் பின் புண்கள் ஒன்றுசேர்ந்து, வெண்மையான ஏடு படரக்கூடும். இந்த ஏட்டைச் சுரண்டி எடுக்கக் கூடாது. உமிழ்நீர் குறைந்து பிசுபிசுப்பாகும், சுவையும் மங்கும். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் புண் ஆறத் தொடங்கும். சிலருக்கு இன்னும் சில வாரங்கள் ஆகும்.

உலக சுகாதார நிறுவனம் இப்புண்ணை நான்கு படிகளாகப் பிரித்துள்ளது. முதற்படியில் சிவப்பும் எரிச்சலும். இரண்டாம் படியில் புண் இருந்தாலும் திட உணவு உண்ணலாம். மூன்றாம் படியில் நீர்ம உணவே இறங்கும். நான்காம் படியில் வாய்வழி உண்ணவே இயலாது.

நடுவழியில் நிறுத்தலாகாது

இக்கட்டுரையின் உயிர்நிலை இப்பகுதியே. நான் சென்று கண்ட ஓர் இல்லத்தில், நான்காம் வாரம் வாய் முழுதும் புண்ணானதும், "வைத்தியமே நோயைக் கூட்டிவிட்டது, இத்தோடு போதும்" என்று உறவினர் முடிவு கட்டியிருந்தனர். நோயாளியான அம்மையார் பேச முடியாமல் கையசைத்து, தமக்குச் சிகிச்சை வேண்டும் என்று காட்டினார். தாதியொருவர் பொறுமையுடன் விளக்கியபின் மறுநாள் அவரை அழைத்துச் சென்றனர். இரண்டு நாள் சிகிச்சை மட்டுமே தவறியது.

அந்த விளக்கம் இதுதான். புண் வந்ததால் நோய் முற்றிவிட்டது என்று பொருளில்லை. சிகிச்சை இடையில் நின்றால் எஞ்சிய புற்றணுக்கள் முன்னிலும் விரைவாகப் பெருகத் தொடங்கும். சிகிச்சைக் காலம் நீளும் ஒவ்வொரு நாளும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு சுமார் 1 விழுக்காடு குறைவதாக வல்லுநர்கள் கணித்துள்ளனர். ஆகவே வலி தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் வலிக்குத்தான் மருந்து கேட்க வேண்டும். மரக்கச் செய்யும் களிம்பு முதல் மார்ஃபின் வரை வழிகள் உண்டு. மூக்கு வழியாகவோ வயிற்றிலோ உணவுக் குழாய் வைத்தால் "எல்லாம் முடிந்தது" என்று அழுவோர் உண்டு. வாயால் உண்ணும் நிலை திரும்பியதும் அதை எடுத்துவிடுவர்.

இல்லத்தார் கவனத்திற்கு

1. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, நாளில் பலமுறை வாய் கொப்பளிக்க வேண்டும். மதுசாரம் கலந்த கடை மருந்துநீர் கூடாது.

2. மென்மையான தூரிகையால் பல் துலக்க வேண்டும். வலிக்குப் பயந்து துலக்காமல் விட்டால் கிருமித்தொற்று சேரும்.

3. மிளகாய், ஊறுகாய், எலுமிச்சை, புளி, முறுக்கு ஆகியவற்றைத் தவிர்க்கவும். குழைந்த கஞ்சி, தயிர், பருப்புத் தண்ணீர், பால், ஆறிய மைலோ ஆகியவை இறங்கும்.

4. "புண்ணுக்கு ஆகாது" என்று பாலையும் பருப்பையும் நிறுத்திப் பத்தியம் வைக்க வேண்டாம். உடல் மெலிந்தால், நோயாளியின் முகத்துக்கென அளவெடுத்துச் செய்த முகமூடி தளர்ந்து, கதிர் குறி தவறாதிருக்க அதை மீண்டும் செய்ய நேரலாம்.

5. சிகிச்சைக்கு முன்பே பல் மருத்துவரைக் காண வேண்டும். கதிர்பட்ட தாடை எலும்பில் பிற்காலத்தில் பல் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு. பல ஆண்டுகள் கழிந்தாலும் பல் மருத்துவரிடம் இதை மறவாமல் சொல்ல வேண்டும்.

தேன் பற்றிப் பலர் கேட்கின்றனர். கிளந்தான், குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 40 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு 2003-இல் வெளியானது. தேன் பெறாதோரில் 75 விழுக்காட்டினருக்குக் கடும்புண் வந்தது. பெற்றோரில் 20 விழுக்காட்டினருக்கே வந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்றாலும், 2020-இல் பன்னாட்டு வல்லுநர் குழு தேனைப் பரிந்துரைத்துள்ளது. நீரிழிவு உள்ளவர்களும் பற்சிதைவு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது. அபிஷேகத் தேனைப் பலர் கை தொட்டிருக்கும். புண்பட்ட வாய்க்கு அது வேண்டாம்.

அன்பர்கள் கவனத்திற்கு

பிரசாதம் கொண்டு செல்வோர், "ஒரு வாய் சாப்பிட்டால்தான் ஆச்சு" என்று வற்புறுத்த வேண்டாம். பூவொன்றைக் கையில் கொடுத்தாலே அருள் சேரும். கதிர்படும் கழுத்தில் சந்தனமும் விபூதியும் பூசும் முன் தாதியரைக் கேளுங்கள். நோயாளியிடம் கேள்விகளை அடுக்காதீர்கள். அவருக்குப் பேசுவதே வேதனை.

தைப்பூச நேர்த்திக்கடன் பற்றியும் சொல்லியாக வேண்டும். குணமானபின் நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்துவதாக வேண்டிக்கொள்வோர் உண்டு. கதிர்பட்ட சதையில் இரத்தவோட்டம் குறைவு. அங்கே ஏற்படும் காயம் எளிதில் ஆறாது. பால்குடம் எடுங்கள், முருகன் அதையும் ஏற்பான். உண்ணாவிரதத்தையும் சிகிச்சை முடிந்து உடல் தேறும்வரை ஒத்திவைக்கலாம்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். இச்சிகிச்சைக்கு 30 முதல் 35 முறை மருத்துவமனை செல்ல வேண்டும். பின்தங்கிய குடும்பங்களில் வண்டியில்லாமலும், உடன் செல்பவர் வேலைக்கு விடுப்பு எடுக்க இயலாமலும் நாட்கள் தவறுகின்றன. ஒருவருக்கு ஏழு வாரப் போக்குவரத்துச் செலவை ஏற்பதும், வாரத்தில் ஒருநாள் உங்கள் காரில் அழைத்துச் செல்வதும், உணவை அரைக்கும் கருவியொன்றை வாங்கித் தருவதும் பெருந்தொண்டே. ஆலய மடைப்பள்ளியில் அன்னதான நாட்களில் காரமில்லாக் கஞ்சி ஒரு பாத்திரம் தனியே வைக்குமாறு செயலவையில் நான் முன்மொழியவிருக்கிறேன். உங்கள் ஆதரவை வேண்டுகிறேன்.

சிகிச்சையை முழுமையாக முடிக்க ஒருவருக்குத் துணை நிற்பது, அவருக்குப் பல்லாண்டு அன்னமிடுவதற்கு ஒப்பாகும். எல்லாம் வல்ல இறைவன் அத்துணையாக நிற்கும் மனத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக.